எதிர்க்கட்சியைப் பற்றி ட்ரூமன்: ஒரு மதிப்பீடு

தேர்தல் மேடையில் எதிர்க்கட்சியைச் சாடிப் பேசும் பேச்சு, பெரும்பாலும் வாக்குகள் எண்ணி முடிக்கும் நாள்வரைதான் உயிர் வாழ்கிறது. இதற்கு விலக்காக நிற்பவை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 33வது ஜனாதிபதியாக விளங்கிய ஹாரி ட்ரூமன் 1948ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியைக் குறித்து ஆற்றிய சொற்பொழிவுகள். முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், இன்றைய குடியரசுக் கட்சியைப் பற்றி நேற்றுச் சொன்னவை போல அவை எடுத்தாளப்படுகின்றன. அப்படி எடுத்தாள்வது தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில், அச்சொற்கள் பிறந்த சூழலைக் காண்போம். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மறைந்ததும், துணை ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் பதவி ஏற்றார். 1946 நவம்பர் தேர்தலில் நாடாளுமன்றமாகிய காங்கிரஸின் இரு சபைகளும் குடியரசுக் கட்சியின் வசமாயின. 1948இல் ட்ரூமன் தோற்பது உறுதி என்று பத்திரிகைகள் எழுதின. அவரோ இரயிலேறி ஊர் ஊராகச் சென்று, கடைசிப் பெட்டியின் மேடையில் நின்று பேசினார். முடிவில் அவருக்கு 303 தேர்வாளர் வாக்குகளும், எதிர்த்து நின்ற டூயிக்கு 189 வாக்குகளும் கிடைத்தன.

அவர் சொன்னவற்றின் சாரம் இதுதான்: குடியரசுக் கட்சி சலுகை பெற்ற சிலரின் கட்சி, உழவரையும் தொழிலாளரையும் வாயாரப் புகழும், ஆனால் அவர்களுக்குப் பயன்தரும் சட்டம் வந்தால் கையை விரித்துவிடும். அயோவா மாநிலத்தின் டெக்ஸ்டர் என்னும் ஊரில் உழவர்களிடையே பேசுகையில், அக்கட்சி உழவரின் முதுகில் கவைக்கோலைப் பாய்ச்சிவிட்டது என்றார். உழவர் குடும்பத்தில் வளர்ந்து, தாமே ஏர் பிடித்தவர் அவர். கேட்பவரின் கையிலிருக்கும் கருவியையே உவமையாக்கும் இத்திறமே அவருடைய பேச்சின் வலிமை எனலாம்.

எனினும், வலிமையான பேச்சு வேறு; நம்பத்தக்க சாட்சியம் வேறு. அரபுக் கல்வியில் ‘ஜர்ஹு வத்தஃதீல்’ என்றொரு துறையுண்டு. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தகுதியை எடைபோடும் கலை அது. காரணம் விளக்கப்படாத குறைகூறலை அத்துறை அறிஞர் பலர் ஏற்பதில்லை. சமகாலப் போட்டியாளர் ஒருவர் மற்றவரைக் குறித்துச் சொல்லும் குறையை இன்னும் எச்சரிக்கையோடு அணுகுவர். ஆயின், போட்டியாளர் சொன்னார் என்பதற்காகவே அதைத் தள்ளிவிடுவதும் இல்லை; அவர் காரணத்தைக் காட்டினால், அக்காரணத்தை ஆராய்வர். ட்ரூமனின் சொற்களையும் இவ்வாறு ஆராய்வதே நேர்மை.

அவர் காரணம் காட்டிய இடங்கள் உண்டு. குடியரசுக் கட்சி 1948இல் வெளியிட்ட தேர்தல் அறிக்கையில் வீட்டுவசதி, சமூகப் பாதுகாப்பு போன்றவற்றை ஆதரித்திருந்தது. ‘உங்கள் வாக்குறுதியை இப்போதே சட்டமாக்குங்கள்’ என்னும் பொருள்பட, அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் காங்கிரஸின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார் ட்ரூமன். இரண்டு வாரம்கூட நீடிக்காத அக்கூட்டம் சொல்லத்தக்க பயனின்றிக் கலைந்தது. அது தேர்தல் தந்திரமே. ஆயினும், சொல்லைச் செயலால் சோதித்த தந்திரம் என்பதை மறுப்பதற்கில்லை.

அன்றைய அவருடைய கணிப்பு பின்னாளிலும் பொருந்திய இடங்களைக் காண்கிறோம். 1948இல் அவருடைய மறுப்பாணையையும் மீறி நிறைவேறிய வரிக்குறைப்பு, செல்வருக்கே மிகுதியும் பயன்படும் என்றார். 2017ஆம் ஆண்டு குடியரசுக் கட்சி இயற்றிய சட்டம் நிறுவனங்களின் வருமான வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைத்தபோது, அதே வாதம் மீண்டும் எழுந்தது. அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டுமென 1945இல் ட்ரூமன் கேட்டார், கிடைக்கவில்லை. 2010இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திற்கு, அது நிறைவேறிய வாக்கெடுப்பில், குடியரசுக் கட்சியின் ஒரு வாக்கும் விழவில்லை. இவ்வளவில் ட்ரூமனின் சாட்சியம் நிற்கிறது.

இனி, நிற்காத இடங்களுக்கு வருவோம். 80வது காங்கிரஸை ‘ஒன்றும் செய்யாத காங்கிரஸ்’ என்று அவர் இகழ்ந்தார். அந்தக் காங்கிரஸ் இயற்றிய பொதுச் சட்டங்களோ 900க்கும் மேற்பட்டவை. ஐரோப்பாவை மீட்டெடுத்த மார்ஷல் திட்டம் அவற்றுள் ஒன்று. அதைச் செனட் சபையில் நிறைவேற்றித் தந்தவர் வாண்டன்பர்க் என்னும் குடியரசுக் கட்சித் தலைவரே. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்திய 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தைக் குடியரசுக் கட்சியின் கொடுமையாக அவர் வருணித்தார். அவருடைய மறுப்பாணையைத் தள்ளிப் பிரதிநிதிகள் சபை வாக்களித்தபோது, ஜனநாயகக் கட்சியினரில் 71 பேர் அவர் பக்கமும் 106 பேர் எதிர்ப் பக்கமும் நின்றனர். தானியச் சேமிப்புக் கிடங்குகளுக்குத் தடை விதித்து உழவரை வஞ்சித்ததாக அவர் சாடிய சட்டத்துக்கும் ஒப்பமிட்டவர் அவரேதான். தம் வீட்டுக் கணக்கை மறைத்து அண்டை வீட்டுக் கணக்கை மட்டும் சந்தையில் வாசித்தார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலும், கட்சி என்பது கல்லில் வடித்த உருவமன்று. 1953இல் பதவியேற்ற ஐசன்ஹோவர், ரூஸ்வெல்ட் தொடங்கிய சமூகப் பாதுகாப்பை ஒழிக்கவில்லை, 1954இல் விரிவாக்கினார். 1965இல் முதியோர் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் வந்தபோது, பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினரில் 70 பேர் ஆதரித்தனர். 68 பேர் எதிர்த்தனர். ஒரு கட்சியையே ஒரு சொல்லால் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் இன உரிமை பற்றியது. 1948இல் இராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்டார். அவருடைய இன உரிமைக் கொள்கையை எதிர்த்துப் பிரிந்து சென்று போட்டியிட்டவர், அவருடைய கட்சியையே சேர்ந்த ஸ்ட்ராம் தர்மண்ட். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குச் செனட்டில் குடியரசுக் கட்சியினர் 33 பேரில் 27 பேர் ஆதரவளித்தனர். ஜனநாயகக் கட்சியினர் 67 பேரில் 46 பேர். அதே ஆண்டில் தர்மண்ட் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். தென்மாநில வெள்ளையர் பலரும் காலப்போக்கில் அவ்வழியே சென்றனர். ட்ரூமன் பிறந்த மிசௌரி மாநிலமே 2000 முதல் 2024 வரை நடந்த ஏழு ஜனாதிபதித் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியைத் தேர்ந்தது. அவர் எந்த உழவரை விளித்துப் பேசினாரோ, அவ்வுழவரின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று அவர் ஏசிய கட்சிக்கே வாக்களிக்கின்றனர். அவர்களை ஏமாந்தவர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. தம் கட்சி அவர்களை எப்போது கைவிட்டது என்று கேட்பது கடினம். 2021இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் திருத்தம் செனட்டில் வீழ்ந்தபோது, எதிர்த்தவர்களுள் ஜனநாயகக் கட்சி அணியினர் எண்மரும் இருந்தனர். கடினமான கேள்விக்கு அது ஒரு விடை.

கட்சிப் பேச்சு மறைக்கும் மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இரு கட்சியும் ஒத்துப்போகும் இடத்தில் அப்பேச்சு வாய் திறப்பதே இல்லை. 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே ட்ரூமன் அதை அங்கீகரித்தார். குடியரசுக் கட்சியின் அறிக்கையும் அதை வரவேற்றது. அக்காலத்தில் வீடிழந்து வெளியேறிய ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர்க்காக அவ்விரு கட்சிகளில் எதுவும் மற்றதன்மேல் குற்றம் சாட்டவில்லை. எதிர்க்கட்சியின் குறையை மட்டும் கேட்டுப் பழகிய செவிக்கு, இருவரும் சேர்ந்து செய்த குறை எட்டுவதேயில்லை.

ஆகவே நம் முடிவு இது. வரி, கூலி, மருத்துவம் ஆகியவற்றில் எந்தச் சட்டத்தை யார் தடுத்தார் என்று ட்ரூமன் சுட்டிக்காட்டிய இடங்களில் அவருடைய விமர்சனம் இன்றும் படிக்கத்தக்கது. ஒரு கட்சியின் பெயரையே குற்றமாக்கிய இடங்களில் அது அன்றே குறையுடையது, இன்று செல்லாதது. அவருடைய வாசகங்களைத் தாயத்தாக அணிவோர் அவருக்கு நன்மை செய்யவில்லை. வாக்குறுதியை ஒரு கையிலும் வாக்கெடுப்புப் பட்டியலை மறு கையிலும் வைத்துப் படிக்கும் பழக்கமே அவரிடமிருந்து பெறத்தக்கது. ஆனால் அந்தப் பட்டியலில் நம்மவர் பெயரையும் விடாமல் வாசிக்க வேண்டும். ட்ரூமன் அதைச் செய்யவில்லை. படிக்கின்ற நாம் செய்யலாம்.