பெட்டிப் படமும் சுட்டும்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் கணினி அறிவியல் பாடத்தில் நான்காம் படிவத்தில் ஜாவாவும் ஐந்தாம் படிவத்தில் ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் இடம்பெறுவதால், பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப்பள்ளிகளில் படித்துவிட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களின் மலாய்வழிப் பள்ளிகளில் இப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் இரண்டே ஆண்டுகளில் மூன்று நிரல்மொழிகளைச் சந்திக்கிறார். தொடக்கநிலையில், மாறி என்பதை மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டியாக வரைந்து காட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு.

எண்களைப் பொறுத்தவரை அவ்வழக்கத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. ஒரு மாறியிலுள்ள 5ஐ இன்னொன்றுக்கு அளித்துப் பின்னதை 9 ஆக்கினாலும் முன்னது 5 ஆகவே நிற்கும் என்பதை அது நொடியில் விளக்கிவிடுகிறது.

பல மதிப்புகளை ஒரே பெயரில் கோக்கும் அணியில்தான் சிக்கல் எழுகிறது. ஜாவாவில் மாறி, அணியையே வைத்திருப்பதில்லை. அணி நினைவகத்தில் எங்குள்ளது என்று காட்டும் சுட்டை, அதாவது ரெஃபரன்ஸை மட்டுமே வைத்திருக்கிறது. ஆகவே ‘புள்ளிகள்’ என்னும் அணியை ‘படி’ என்னும் மாறிக்கு அளித்து, ‘படி’யின் முதல் உறுப்பைத் திருத்தினால், ‘புள்ளிகள்’ அணியிலும் அந்த உறுப்பு திருத்தப்பட்டிருக்கும். லயத்து வீடொன்றின் கதவு எண்ணை இரு சீட்டுகளில் எழுதிக் கொடுத்தாலும் வீடு ஒன்றுதானே! மெத்தட் எனப்படும் செயல்கூறுக்கு ஜாவா அனுப்புவதும் சுட்டின் நகலையே என்பதால், செயல்கூறு அணியின் உறுப்பை மாற்ற முடியும். ஆனால் அழைத்த இடத்திலுள்ள மாறியை வேறோர் அணிக்குத் திருப்ப முடியாது. ஜாவா அணிகளைச் சுட்டுவழி அனுப்புகிறது என்று பொதுப்படையாக எழுதும் கையேடுகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

ஐந்தாம் படிவத்தில் குழப்பம் முற்றுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதில் ஜாவாவைப் பின்பற்ற, பிஎச்பியோ அணியை இன்னொரு மாறிக்கு அளிக்கும்போது தனி நகலாகவே நடத்துகிறது. ஆனால் ஆப்ஜெக்ட் எனப்படும் பொருள்களை, 2004இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு முதல், இரு மாறிகளும் பகிர்ந்துகொள்கின்றன. பெட்டியை மட்டும் நம்பியவர் ஜாவாவில் தடுமாறுவார். ஜாவாவில் சுட்டை நன்கு உணர்ந்தவரோ பிஎச்பியில் தடுமாறக்கூடும். இரண்டாவதே கடுமையானது, ஏனெனில் அங்கு ஏற்கெனவே சரியாகக் கற்றதே வழிமறிக்கிறது. நிரலும் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிட்டு ஓடி முடிந்துவிடும்.

எண்களுக்குப் பெட்டிப் படத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அணிப் பாடம் தொடங்கும் நாளிலேயே அதனிடத்தில், மாறியிலிருந்து அணியைச் சுட்டிக்காட்டும் அம்புக்குறிப் படம் வந்தாக வேண்டும். புதிய மொழியைத் தொடங்கும் மாணவரும், அணியொன்றை வேறு மாறிக்கு அளித்து, ஓர் உறுப்பை மாற்றி, இரண்டையும் அச்சிட்டுப் பார்க்கும் சோதனையை முதல் வேலையாகச் செய்துகொள்வது நல்லது.