யார் முழந்தாளிட வேண்டும்?

ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். பட்டணம் வந்தால் சாதி தொலைந்துவிடும் என்று எழுதுகிறவர்களிடம் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. தெருவையும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. உள்ளே போனார், முழந்தாளிட்டார், இரண்டு நிமிஷத்தில் பாவம் தீர்ந்து வந்தார். என்னிடம் தெரு கேட்டதைப் பாவமாகச் சொல்லியிருப்பாரா? அது பாவம் என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. புதுநன்மைக்குத் தயாரித்தபோது சிஸ்டர் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார். பொய் சொன்னேன், திருடினேன், பூசை காணாமல் இருந்தேன். எட்டு வயசில் அத்தனை பாவத்துக்கு நான் எங்கே போவேன்? செய்யாததையும் செய்ததாகச் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். அன்றைக்கு வரிசையில் ஊர்த்தெருப் பிள்ளைகள் முன்னால், நாங்கள் பின்னால். வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்டாள்: "வரப்புல நடந்ததுக்கு அடி வாங்குனதும் நாம, கோயில்ல பாவஞ் சொல்றதும் நாமளா? அவனுங்க என்னாத்தடா சொல்றானுங்க?"

ஆயாவின் கேள்வியோடு இந்தச் சடங்கின் சரித்திரத்தைப் படித்தால் பல விஷயம் துலங்குகிறது. ஆதியில் ரகசியப் பாவசங்கீர்த்தனம் கிடையாது. கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவத்துக்கு ஊரறியத் தவம். சில கீழைச் சபைகளில் பாவி கோயிலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் அழுது மன்றாட வேண்டும். 390-இல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொல்ல வைத்த ரோமப் பேரரசன் தியோடோசியஸை, பகிரங்கத் தவம் செய்யும்வரை நற்கருணைக்கு அனுமதிக்கவில்லை மிலான் ஆயர் அம்புரோஸ். காதோடு சொல்லும் வழக்கம் ஆறாம் நூற்றாண்டுக்குப் பிறகு அயர்லாந்துத் துறவிகளால் பரவியது. வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்றாக்கியது 1215-இன் லாத்தரன் சங்கம். நடுவில் தடுப்பு வைத்த மரக்கூண்டு பதினாறாம் நூற்றாண்டில்தான் வருகிறது. ஆக, இது மாறாத சடங்கல்ல. காலத்துக்குத் தக்கபடி மாற்றியிருக்கிறார்கள்.

தமிழுக்கு வந்த கதைக்கு வருவோம். தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களிலேயே ஒன்று பாவசங்கீர்த்தனம் பற்றியது. அண்டிரிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியோனாயரு'. பாவத்தைச் சொல்ல அச்செழுத்து வந்துவிட்டது. அதைக் கேட்கிற காது எல்லார் வீட்டுக்கும் வந்ததா? மதுரை மிஷனில் 'பிராமண சந்நியாசிகள்' ஒரு சாதிக்கு, 'பண்டார சாமிகள்' மற்றவர்களுக்கு என்று குருக்களே பிரிந்து கிடந்தார்கள். பறையர் குடிசைக்குள் குரு நுழைந்தால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்பது வாதம். சாகக் கிடக்கிறவனுக்குக் கடைசிப் பாவசங்கீர்த்தனம் வேண்டுமென்றால் அவனை வெளியே தூக்கி வரவேண்டும். போப்பின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியிலிருந்து போட்ட ஆணையில், நோயாளிகளைத் தேடி அவர்கள் குடிசைக்கே குருக்கள் போகவேண்டும் என்று கட்டளையிட்டார். நாற்பது வருஷம் வழக்காடினார்கள். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதி செய்தபோது சேசு சபையார் ஒரு வழி சொன்னார்கள்: பறையருக்கென்றே தனிக் குருக்கள். போப் ஏற்றுக்கொண்டார். தீண்டாமையை விட்டுவிடு என்று சொல்வதற்குப் பதில், தீண்டுவதற்குத் தனி ஆள் போட்டார்கள்!

நம் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே, 1745-இல், புதுச்சேரிக் கோயிலுக்குள் தங்களைப் பிரித்த சுவரைப் பற்றிப் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிபட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு அல்ல, கணக்குக் கேட்டுப் போனவர்கள் அவர்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதைப் பலர் ஒப்புதல் வாக்குமூலம் என்கிற மாதிரி வாசித்தார்கள். இந்த வாசிப்பு எனக்கு ஒப்பவில்லை. மடத்துக்குப் போய், அங்கேயும் சாதியைப் பார்த்து வெளியே வந்த ஒரு பெண் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். தன்னையும் சோதித்துக்கொள்கிறார், மெய்தான். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறவர் பாவி, கேட்கிறவர் நீதிபதி. கேட்டது வெளியே போகாது. 'கருக்'கில் சொல்கிறவர் சாட்சி. கேட்கிற நாம்தான், திருச்சபைதான், குற்றக்கூண்டில். கூண்டுக்குள் முணுமுணுக்கப் பழக்கப்பட்ட வாய் தெருவில் நின்று பேசிய புத்தகம் அது. அதைத் தனி மனுஷியின் மனப்புழுக்கமாகப் படிப்பது, அவரைத் திரும்பக் கூண்டுக்குள் தள்ளுவது.

"சமூகப் பாவம் என்பதும் தனித்தனி ஆட்களின் பாவம் சேர்ந்ததுதான்" என்பது இரண்டாம் ஜான் பால் 1984-இல் எழுதியதன் சாரம். சரி, ஒத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு ஆளும் வந்து சொல்லட்டுமே. 2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்கிறது. சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒத்துக்கொள்கிறது. அறிக்கை நல்லது. ஆனால் சின்னக்குறிப்பிடம் படித்த பிள்ளைக்கே தெரியும், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். பாவத்தை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனி செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது. திருடியவன் திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது அவர்கள் வேதபாடம்தான். ஆயர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட இடம், வேலை, கல்லறைத் தோட்டம், தேர் வரும் தெரு, பங்குப் பேரவை நாற்காலி, இவற்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அபராதம் தீரும்.

அதையும் கூண்டுக்குள் தீர்க்க முடியாது. ஊரறியச் செய்த பாவம் இது. பேரரசனையே நிறுத்திய பழைய பகிரங்கத் தவம் சபையின் சொத்துதானே, அதை எடுத்துத் தூசி தட்டலாம். சாதி பார்த்தவன் சிலகாலம் வாசலில் நிற்கட்டும். நாம் நூற்றாண்டுக் கணக்கில் நின்ற இடம்தான், ஒன்றும் ஆகிவிடாது.

ஆயா செத்துப் பதினைந்து வருஷம். எங்கள் ஊர்க் கோயிலில் இன்றைக்கும் தவக்காலத்தில் வரிசை நீளமாகத்தான் நிற்கிறது. ஊர்த்தெருக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. தேர் மட்டும் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.