கட்டிய ஒயரும் அவிழ்க்கும் கையும்

பிரிட்டிஷ் வீடுகளில் மீட்டருக்கு அடுத்து இருக்கும் கன்ஸ்யூமர் யூனிட், தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்கள் டி.பி. பாக்ஸ் என்று சொல்லும் அதே பெட்டிதான். மெயின் சுவிட்ச், கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.டி., சர்க்யூட்டுக்கு ஒன்றாக எம்.சி.பி., நியூட்ரல் பட்டை, எர்த் பட்டை ஆகியவை உள்ளே இருக்கும். மூடியைக் கழற்றியதும் ஒயர்கள் ஒரே இடைவெளியில் இறங்கி, செங்கோணமாகத் திரும்பி, கொத்துக் கொத்தாகக் கேபிள் டை போட்டு இறுக்கப்பட்டிருந்தால் அது நல்ல வேலை என்று பெயர் வாங்கிவிடும். படம் எடுத்துப் பெருமையாகக் காட்டுவதும் அதைத்தான். அந்தப் பெயர் எவ்வளவு தகும் என்பது, அதே பெட்டியை அடுத்துத் திறப்பவரின் வேலையைப் பார்த்தால்தான் தெரியும்.

திறக்கும் தேவை அரிதல்ல. இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதிகளின்படி தனியார் வாடகை வீடுகளின் மின் இணைப்பைக் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். இடையில் கார் சார்ஜர், சோலார் என்று புதிய சர்க்யூட்டுகளும் வந்து சேரும். நாட்டின் ஒயரிங் தரமான பி.எஸ். 7671 நல்ல வேலைப்பாட்டைக் கேட்கிறது. சோதிக்கவும் பழுது பார்க்கவும் கை எட்டும்படி அமைக்கச் சொல்கிறது. ஒயர்கள் அழகாக இருக்க வேண்டும் என்று எங்கும் விதிக்கவில்லை.

ஒழுங்குக்கு உண்மையான பயன் உண்டு. நியூட்ரல் பட்டையிலும் எர்த் பட்டையிலும் ஒயர்கள் எம்.சி.பி.களின் வரிசையிலேயே நின்றால், நான்காவது எம்.சி.பி.யின் நியூட்ரலைத் தேட வேண்டியதில்லை. இரண்டு ஆர்.சி.டி. உள்ள பெட்டியில் இது இன்னும் முக்கியம். ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் தவறிப்போய் மற்ற ஆர்.சி.டி.யின் பட்டையில் ஏறிவிட்டால், சுமை போட்டவுடன் ஆர்.சி.டி. விழும், வரிசையாக மாட்டியிருந்தால் அந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும். நிதானமாக வரிசைப்படுத்துபவர் ஸ்குரூவையும் நிதானமாக முடுக்கியிருப்பார் என்று நம்பவும் ஓரளவு இடமுண்டு. ஓரளவுதான். ஒயர் முனை டெர்மினலின் கூண்டுக்குள் நுழையாமல் அதன் பின்பக்கம் போய்விட்டாலும் ஸ்குரூ முடுகும், வெளியிலிருந்து பார்க்கப் பிழையே தெரியாது. லூஸ் கனெக்ஷனில் பிறக்கும் சூடு பெட்டிக்கே தீ வைக்கும் என்பதால்தான் 2016 ஜனவரி முதல் வீட்டுப் பெட்டிகளின் கூடு எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்றானது. நடைமுறையில் அது இரும்புத் தகடு. ஒயரைச் சீவி வாருவதால் இந்த ஆபத்து குறையாது. விறைப்பான மீட்டர் ஒயரை மாட்டிய பிறகு வளைத்து அழகுபடுத்தினால் பிடி தளரவும் கூடும், ஆகவே வளைத்து முடித்தபின் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

அழகின் விலை தெரிவது பழுது தேடும்போது. சுவருக்குள் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுவிட்டது, ஆர்.சி.டி. நிற்க மறுக்கிறது என்று கொள்ளலாம். எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால், எல்லா எம்.சி.பி.களையும் கீழே தள்ளினாலும் பழுது போகாது. மெயினை அணைத்து, நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்கோ ஒரு சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துச் சுற்றிவர இடம் வேண்டும். பன்னிரண்டு ஒயரை ஒரே கொத்தாக இறுக்கிய பெட்டியில் இரண்டுமே நடக்காது. டையை வெட்டியாக வேண்டும். வெட்டும் கட்டிங் பிளேயர் ஒயரின் உறையை உரசிக்கொண்டுதான் போகும்.

டையைவிட மோசமானது அளந்து வெட்டுவது. முனைக்குச் சரியாக எட்டும் நீளத்தில் வெட்டிய ஒயர் நன்றாகத்தான் இருக்கும், எம்.சி.பி. இரண்டு இடம் தள்ளிப் போகும்வரை. பிறகு பெட்டிக்குள்ளேயே ஜாயின்ட் போட வேண்டிவரும். பிரிட்டிஷ் வீட்டுக் கேபிளில் 2.5 சதுர மி.மீ. வரை ஒற்றைக் கம்பிச் செம்புதான் வழக்கம். கூர்மையாக மடித்த மூலையை நிமிர்த்தி மறுபடி மடிக்க, கம்பி அங்கே பலமிழக்கும்.

இறுக்கிக் கட்டும் இந்த ரசனைக்கு ஒரு முன்னோடி பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. மெழுகு நூலால் கேபிள்களை வரிசையாகக் கட்டுவது அங்கே தனிக் கலையாக இருந்தது. ஆனால் கட்டப்பட்டவை நிரந்தரக் கேபிள்கள். சந்தாதாரர் மாறும்போதெல்லாம் மாறும் ஜம்பர் ஒயர்கள், பிரதான ஃபிரேமில் கட்டின்றியே ஓடின. வீட்டுப் பெட்டி இந்தப் பாதிப் பாடத்தை விட்டுவிட்டது. வெளியிலிருந்து வரும் கேபிளின் உறையை அசையாமல் பிடிக்க வேண்டியதுதான். உள்ளே பிரியும் தனித்தனி ஒயர்கள் ஓரமாக இறங்கி, பெட்டியின் எந்த முனைக்கும் எட்டும் நீளத்தோடு தளர்வாக நிற்பதே பொருத்தம்.

தளர்வு என்றால் அள்ளித் திணிப்பதும் அல்ல. மூடி போடும்போது சுருள்கள் அமுங்கி டெர்மினலைப் பக்கவாட்டில் தள்ளினால், பிடி தளர்வது அங்கேதான். சில இடங்களில் மிச்ச நீளமே தவறு. மின்னெழுச்சியைத் தடுக்கும் எஸ்.பி.டி.யின் இணைப்பு ஒயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருப்பது நல்லது, எக்காரணத்தாலும் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளம் கூடக் கூட அதன் காப்பு குறையும் என்பதால் அழகுக்காக மூலை சுற்றிக் கொண்டுபோனால் கருவியின் பலனே போய்விடும். இரும்புப் பெட்டியில் ஃபேஸ்களை ஒரு துளை வழியாகவும் நியூட்ரல்களை மறு துளை வழியாகவும் பிரித்து விடுவதும் அப்படியே: பார்க்கச் சமச்சீர்தான், ஆனால் துளையைச் சுற்றியுள்ள தகடு சுழல் மின்னோட்டத்தால் சூடேறும். ஒரு சர்க்யூட்டின் ஒயர்கள் ஒரே துளை வழியாகத்தான் வர வேண்டும்.

எளிய வேலை ஒன்று பெரும்பாலும் விடுபடுகிறது: ஒயர் முனையில் எண் வளையம் போடுவது. ஒயர்கள் பட்டையிலிருந்து கழன்றபின் வரிசை காணாமல் போகும், எண் போகாது. படத்தில் எடுபடாத வேலை என்பதாலோ என்னவோ, மூடியில் ஒட்டிய சர்க்யூட் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒட்டுமொத்தக் கூலிக்கு வேலை எடுப்பவர் மூடி போட்டதும் கணக்கை முடித்துக்கொள்வார். அடுத்து வருபவர் டை வெட்டி, ஒயர் பிரித்து, குட்டையானதற்கு ஜாயின்ட் போடும் நேரத்துக்கான கூலியை வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார்.