நெய்க் கணக்கும் மோட்டார் கணக்கும்

கார்த்திகை பிறந்தால் போதும், யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார். "திருவண்ணாமலை உச்சியில் 3,500 கிலோ நெய்யை எரிக்கிறாங்களே, நாடு எரிசக்திக்கு அல்லாடுற நேரத்துல இது வீண் இல்லையா சார்?"

நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். ஒரு கிராம் நெய்யில் சுமார் 9 கலோரி. 3,500 கிலோ என்றால் மூன்று கோடியே பதினைந்து லட்சம் கலோரி. மின்சார பாஷையில் சொன்னால் ஏறத்தாழ 36,600 யூனிட். அதே மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையின் 7.5 மெகாவாட் மின் நிலையம், முழு வேகத்தில் ஓடினால், ஐந்து மணி நேரத்துக்குள் இதை உற்பத்தி செய்துவிடும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்றைய உச்ச வேகத்தில் பார்த்தால் அவ்வளவு நெய்யும் மாநிலத்துக்கு ஆறு விநாடி. ஒரு கொட்டாவி விடும் நேரம்.

அந்த நெய்யை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்பது வேறு வழக்கு. அதை நான் எடுத்து நடத்தவில்லை. எரிசக்தி வழக்கில் மட்டும் மலை நிரபராதி. 2,668 அடி உயரத்தில் எரிவதால் எல்லார் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான். நிஜ விரயம் கண்ணில் படாத இடத்தில், பூமிக்குக் கீழே நடந்துகொண்டிருக்கிறது.

திருவண்ணாமலை கிணற்றுப் பாசன மாவட்டம். தென்பெண்ணையும் செய்யாறும் ஓடினாலும் (ஓடினால்!), நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் பெரும்பாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான். ஒரு காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. பூமிக்கு அது ஒரு பாதுகாப்பு. மோட்டார் களைப்பதில்லை.

இங்கே இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 48 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் மோட்டார், காயில் கட்டிக் கட்டி ஓட்டுகிற மோட்டார், தின்கிற மின்சாரத்தில் முப்பது சதவிகிதம்தான் தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஒரு ஏக்கருக்குச் சுமார் 440 யூனிட் போதும். 100 மீட்டருக்குப் போய்விட்டால் 4,400 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டாலும் 35,000 ரூபாய்க்கு மேல். அந்த ஏக்கரில் விளையும் நெல்லின் மதிப்பு அறுபதாயிரம் வந்தால் பெரிய விஷயம். அதாவது நெல்லின் விலையில் பாதிக்கு மேல் மின்சாரமாகவே கரைகிறது. விவசாயி அந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை. அதனால் அது செலவு இல்லை என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

உடனே "இவன் இலவச மின்சாரத்துக்கு எதிரி" என்று கிளம்பிவிடாதீர்கள். நான் எதிரி இல்லை. அந்த உரிமை ரத்தம் சிந்தி வாங்கியது. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துக் கொங்கு நாட்டு விவசாயிகள் திரண்டபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். நாராயணசாமி நாயுடுவின் பின்னால் மாட்டு வண்டிகள் கோயமுத்தூர்த் தெருக்களை அடைத்தது 1972இல். 1984இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றார். 1990இல் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் என்றார். 2003இல் ஜெயலலிதா கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். சிறு விவசாயிகளுக்குப் பணமாகத் தருகிறோம் என்றார். 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிகூட மிஞ்சவில்லை. ஒரே வாரத்தில் இலவசம் திரும்பி வந்தது. அன்றைக்கு எல்லாக் கட்சிகளும் ஒரு பாடம் படித்தன: மோட்டார் கொட்டகைப் பக்கம் போகாதே.

என் புகார் அந்தப் பாடத்தின் மேல்தான். காசு வாங்காமல் இருப்பது ஒரு கொள்கை. ஆனால் அளக்காமலே இருப்பது எந்தக் கொள்கை? 2003 மின்சாரச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் தரக்கூடாது என்கிறது. அதற்கு அது கொடுத்த கெடு இரண்டே வருஷம். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள். பெரும்பாலான பழைய இணைப்புகளில் மீட்டரே கிடையாது. மோட்டார் இத்தனை குதிரைத்திறன், ஆகவே இத்தனை யூனிட் என்று ஒரு உத்தேசம், அதன்மேல் மானியம். உத்தேசக் கணக்கில் ஒரு வசதி உண்டு. லைனில் கசிந்தது, திருடு போனது எல்லாவற்றையும் 'விவசாயத்துக்குப் போனது' என்று எழுதிவிடலாம். கேட்க எந்த மீட்டரும் இல்லை. 2023 வாக்கில் மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. அதில் விவசாயியின் பங்கு நிஜமாகவே எவ்வளவு என்று கேளுங்கள், யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. பழி மட்டும் துல்லியமாக அவர் தலையில்.

இன்னொரு வேடிக்கை, இந்த இலவசம் இலவசமாகக் கிடைக்காது. மனு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2021இல் அரசு ஒரு லட்சம் புது இணைப்புகள் தருவதாக அறிவித்தபோது வரிசையில் நான்கு லட்சத்துக்கு மேல் மனுக்கள். காத்திருக்க முடியாதா? தட்கல் இருக்கிறது. ஐந்து குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் கட்டினால் முன்னால் போகலாம். ரயில் டிக்கெட் மாதிரி. ஆழமாக போர் போடவும், தட்கல் கட்டவும் யாரிடம் காசு இருக்கிறதோ, அவருக்குத்தான் அதிக இலவசம். பக்கத்து நிலத்துக்காரரின் முப்பது அடிக் கிணறு வற்றிப்போகும். அவர் மனு இன்னும் வரிசையில் இருக்கும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? குஜராத், ஜோதிகிராம் திட்டத்தில் ஊருக்கும் வயலுக்கும் தனித்தனி லைன் போட்டது. வயலுக்கு எட்டு மணி நேரம், நல்ல அழுத்தத்தில். மேற்கு வங்காளம் 2007இல் தொடங்கி மீட்டரை மாட்டிவிட்டுக் காசே வாங்கியது. அங்கே தண்ணீர் மேலேயே கிடப்பதால் தாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது பஞ்சாப். 2018இல் ஒரு திட்டம்: உனக்கு இத்தனை யூனிட் இலவசம், மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு நாலு ரூபாய் உன் வங்கிக் கணக்கில். மீட்டர் அங்கே பில் போட வரவில்லை, பணம் கொடுக்க வருகிறது. இதையாவது நாம் ஒரு ஒன்றியத்தில் செய்து பார்த்திருக்கலாம். செங்கமோ கலசபாக்கமோ, எதுவானாலும் சரி.

சோலார் பம்ப் என்பார்கள். நல்லதுதான். ஆனால் சூரியனும் பில் அனுப்புவதில்லை. உபரியை வாரியத்துக்கு விற்க வழியில்லாவிட்டால் அதுவும் பகலெல்லாம் இறைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கப் போகும் கதைதான்: கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் ஓடும், தேவையோ இல்லையோ. தூங்கப் போகிறவரைத் திட்டவும் மனசு வரவில்லை. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்த காலத்தில் டார்ச்சும் கையுமாக வரப்பில் நடந்து, பாம்பை மிதித்தவர்கள் எத்தனை பேர்!

தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு விவசாயியிடம் பஞ்சாப் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாலு ரூபா தரேன்னு மீட்டர மாட்டுவாங்க சார். அடுத்த எலெக்ஷன் முடிஞ்சதும் அந்த நாலு ரூபாயக் குடுன்னு எங்ககிட்ட வருவாங்க. மொதல்ல ரெண்டு வருசம் பணத்தப் போடச் சொல்லுங்க. அப்புறம் நானே கொட்டாயில ஆணி அடிச்சுத் தரேன்" என்றார்.