முகே பாத்

கொல்கத்தாவில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு ‘முகே பாத்’. வாயில் சோறு என்று பொருள். ஆண் குழந்தைக்கு 6 அல்லது 8ஆம் மாதம், பெண்ணுக்கு 5 அல்லது 7. எங்கள் மகளுக்கு ஏழில் வைத்தோம். அதற்குள் சாயாமல் உட்காரப் பழகியிருந்தாள். நாக்கால் எதையும் வெளியே தள்ளுவதும் நின்றிருந்தது.

பாயசத்துக்குக் கோபிந்தபோக் அரிசி. நம் சீரகச் சம்பா போலப் பொடி அரிசி. பாலில் குழையும்போதே வீடெல்லாம் மணக்கும். குளிர்காலமாதலால் நோலென் குர், அதாவது புது ஈச்ச வெல்லம். அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகே சேர்த்தோம். கொதிக்கையில் போட்டால் பால் திரிந்துவிடும்.

தலையில் வெள்ளை நெட்டிக் கிரீடம். ஊட்ட வேண்டியவர் தாய்மாமன். என் அண்ணன் விரல்நுனியில் தொட்டு வைத்தான். புருவம் சுருங்கியது. சப்புக் கொட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தச் சின்ன வாய் மறுபடி திறந்தது.