வளர்த்த கிளியும் பிரிவாற்றாமையும்: திருநெடுந்தாண்டகம் 13, 14, 15 பாசுரங்கள்

அருளிச்செயலில் பறவைகள் வருமிடங்களை எடுத்துப் பேசுவோர் பெரும்பாலும் தூதுப் பதிகங்களோடு நின்றுவிடுவர். தூது செல்லும் பறவைகளை ஆசார்யர்களாகவும், அவற்றின் இரு சிறகுகளை ஞானமாகவும் அநுஷ்டானமாகவும் கொள்வது நம் ஸம்ப்ரதாயத்தில் நிலைபெற்ற ஸ்வாபதேசம். அதில் குறை சொல்வதற்கு இடமில்லை. ஆயினும் நாரையும் அன்றிலும் வெளியே திரிவன. கிளியும் பூவையும் தலைமகளின் கையில் உண்டு, அவளிடமே சொல் கற்று, அவள் இல்லத்திலேயே வளர்வன. இவ்விரு வகையையும் ஒன்றாக்கிப் பொருள் கொண்டால், பாசுரங்கள் வெளிப்படையாகச் சொல்லும் ஒன்று விடுபட்டுப் போகிறது. பிரிவுத் துயரில் உடனிருக்கும் வளர்ப்புப் பறவைக்கு என்ன இடம் என்பதே அது.

இதற்கு மூலம் ஆதிகாவியத்திலேயே உண்டு. கங்கையைக் கடந்து, ஸுமந்த்ரனையும் குஹனையும் விட்டு வந்த முதல் இரவில் பெருமாள் இளையபெருமாளிடம் புலம்புகிறார் (அயோத்யா காண்டம், 53ஆம் ஸர்க்கம்). அங்கே தாயார் கௌஸல்யையின் சாரிகையை நினைக்கிறார். பகைவனின் காலைக் கடிக்கும்படி கிளியிடம் சொல்லும் பறவை அது. தாயின் பொருட்டு அவ்வளவாவது பேசியது. பிள்ளையாகப் பிறந்த தம்மால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே தம்மைக் காட்டிலும் அதுவே அவள் அன்புக்கு உரியது என்கிறார். மகனை இழந்த வீட்டில் மகன் செய்ய வேண்டியதைச் செய்ய எஞ்சியிருப்பது ஒரு பூவை. வால்மீகி பகவான் இதை அணிக்காகப் பாடவில்லை என்பது தெளிவு.

திருவாய்மொழி 1-4-8இல் இந்நிலை தலைகீழாகிறது. அங்கே இழக்கப்போவது பறவை. தன் நோயைத் திருமாலிடம் சொல்லச் சொல்லியும் போகாதிருந்த சிறு பூவையிடம், தன் மேனியின் அழகு தளர்ந்ததைச் சொல்லி, இனி உன் அலகில் இன்னடிசில் ஊட்டுவாரைத் தேடிக்கொள் என்கிறாள் தலைமகள். தான் முடியும் தறுவாயிலும் தன்னை அண்டியது பசித்திருக்கக் கூடாது என்ற பரிவு அச்சொல்லில் உள்ளது. இப்பூவையை ஆசார்யனாகவே கொண்டால், ஊட்டுவாரைத் தேடு என்னும் சொல் பொருந்தாது. வளர்த்தவளுக்கும் வளர்ந்ததற்கும் உள்ள உறவை முதலில் ஒப்புக்கொண்டால்தான் பாசுரம் நேர்ப்படும்.

வளர்ப்புப் பறவை எப்போதும் ஆறுதல் தருவதும் இல்லை. நாச்சியார் திருமொழி 12-9இல் கூட்டுக்கிளி கோவிந்த நாமத்தையே ஓயாமல் அழைக்கிறது. உணவை நிறுத்தி ஒறுத்தாலோ, உலகளந்தவன் பேரை இன்னும் உரக்கக் கூவுகிறது. திருவாய்மொழி 9-5-8இல் தயிர்ச்சோறும் பாலடிசிலும் தந்து சொல் பயிற்றிய குயில் குஞ்சுகள் கண்ணன் நாமத்தைக் குழறியே தன்னைக் கொன்றதாகத் தலைமகள் நொந்துகொள்கிறாள். வளர்த்ததற்கு நல்ல கைம்மாறு செய்தீர் என்ற ஏசல் அதில் தொனிக்கிறது.

திருநெடுந்தாண்டகம் 14இல் இதற்கு நேர்மாறு. திருக்குறுங்குடி, திருவரங்கம், திருத்தண்கா, திருவெஃகா என்று கிளி பாடக் கேட்ட தலைமகள், வளர்த்த பயனைப் பெற்றேன் என்று அதனைக் கைகூப்பி வணங்குகிறாள். ஊட்டியதும் ஒன்று, பயிற்றியதும் ஒன்று, நாமமும் ஒருவனுடையதே. அப்படியிருக்க, ஓரிடத்தில் கொலையானது மற்றோரிடத்தில் பயனாவது எங்ஙனம்?

ஆழ்வார்கள் வேறு, அவர்கள் நிலையும் வேறு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் விடை 13ஆம் பாசுரத்திலேயே கிடைக்கிறது. 9-5இல் பறவைகள் கேளாமலே கூவின. அவளோ அவற்றை வாய் மூடச் சொன்னாள். இங்கோ, மழை தடுத்ததும் வில் இறுத்ததும் மல்லரை அட்டதுமான சேஷ்டிதங்களைத் தானே எடுத்துக் கொடுத்து, சொல் என்று கிளியை வேண்டுகிறாள். வேண்டும்போதே கண்ணீர் சோரத் தளர்ந்து விழுகிறாள். அவளால் தொடர முடியாதபடி நின்ற இடத்தில் கிளி தொடர்கிறது. துயரில் இருப்பவர் கேளாதபோது சொல்லும் நல்வார்த்தையும் புண்ணைக் கிளறும். அவரே தொடங்கி, முடிக்க இயலாது விட்டதை எடுத்துச் சொன்னால் அதுவே உயிர் தரிக்கும் வழியாகும்.

15ஆம் பாசுரத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி இக்கருத்து முற்றுப்பெறாது. அங்கே கிளி இல்லை. தலைமகள் வீணையை மார்பில் தாங்கி, சிறு முறுவல் தோன்ற, விரல் சிவக்க மீட்டி, தானே மென்கிளி போல் மிழற்றுகிறாள். 13இல் கண்ணீர், 14இல் அஞ்சலி, 15இல் முறுவல். 13இல் கிளிக்குச் சொல் கொடுத்தவள், 14இல் கிளியிடம் கேட்டு, 15இல் தானே கிளியாகிறாள். இம்மூன்றும் இப்பிரபந்தத்தின் நடுப்பத்தில், தாய்ப் பாசுரங்களாக அமைந்தவை. மகளின் நிலை மாறுவதைப் பக்கத்திலிருந்து காண்பவள் தாயே ஆதலால், இம்முறைமை தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

இங்கே கவனிக்க வேண்டுவது மற்றொன்று. இம்மூன்று பாசுரங்களிலும் எம்பெருமான் வந்து கலக்கவில்லை. விச்லேஷம் தீரவில்லை. திரும்பியது அவள் வாக்கு மட்டுமே. இழந்த பொருளின் இடத்தைக் கிளி நிரப்புவதாக ஆழ்வார் பாடவில்லை. இழந்தவனின் பேரைத் திரும்பச் சொல்லும் வலிமையைக் கிளி மீட்டுத் தருவதாகவே பாடியிருக்கிறார்.

இந்நேர்ப்பொருளை உறுதி செய்துகொண்டபின் ஸ்வாபதேசத்துக்குச் சென்றால், அது மேலும் சிறக்கிறது. வளர்த்தவள் ஆசார்ய ஸ்தானத்திலும், சொல் கற்ற கிளி சிஷ்ய ஸ்தானத்திலும் இருக்க, தளர்ந்த காலத்தில் சிஷ்யன் வாயால் திருநாமம் கேட்டு, ஆசார்யன் அவனைத் தொழுகிற நிலை இங்கே புலனாகிறது. பகவந்நாமம் சொல்பவர் எவராயினும், நாம் வளர்த்தவரே ஆயினும், அவர் நமக்குச் சேஷிகள் என்பது திருவாய்மொழி 3-7இலும் 8-10இலும் நம்மாழ்வார் வெளியிட்ட பாகவத சேஷத்வத்தின் பொருள். அவ்வர்த்தம் கிளியளவும் செல்லும் என்று காட்டியவர் திருமங்கையாழ்வார். கிளியைக் கிளியாகவே முதலில் கண்டவர்க்கே அந்த அஞ்சலியின் அருமை விளங்கும்.