லயத்துக்கு வழி சொல்லாத வரைபடம்

எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டுக்கு யாரிடமும் வழி கேட்பதில்லை. போனை எடுக்கிறார், கூகுள் மெப்பில் தேடுகிறார், நட்சத்திரங்களையும் படங்களையும் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குகிறார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறும் அம்மாவுக்கு எந்தப் பாமசியில் மருந்து கிடைக்கும் என்பது ஏற்கெனவே தெரியும். தெரியாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்பார். செலவில்லாமல் கூகுள் மெப்பில் கடையைப் பதிந்துவைத்தால் வாடிக்கையாளர் வருவார் என்று தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். இவ்விருவரில் எந்த வாடிக்கையாளர் வருவார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இலவசப் பதிவு ஊருக்குப் புதியவரைக் கடைக்குக் கூட்டிவரும். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஊர்க்காரரைக் கூட்டிவருவதில் அரைகுறை. தோட்டத்துக்குள் தொழில் செய்பவரையோ பதிவின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நன்மையை முதலில் சொல்லவேண்டும், அது சின்னதல்ல. ஹப்புத்தளையில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பம் முன்பதிவுத் தளங்களை மட்டும் நம்பினால் ஒவ்வோர் இரவின் வாடகையிலும் ஒரு பங்கு தரகாகப் போய்விடும். வரைபடத்தில் பெயரும் போன் இலக்கமும் இருந்தால் விருந்தினர் நேரடியாக அழைக்கலாம். முழுக் காசும் வீட்டில் தங்கும். லிப்டன் சீட் காட்சிமுனைக்கு விடியுமுன் ஏற ஆட்டோ தேடுபவரும் அப்படித்தான் ஆட்டோக்காரரைக் கண்டுபிடிக்கிறார்.

உள்ளூரிலும் சில தொழில்களுக்கு இது கைகொடுக்கும். பண்டாரவளை வீதியில் இரவு எட்டு மணிக்கு டயர் வெடித்தால் பதுளைக்காரரும் அந்த இடத்துக்குப் புதியவர்தான். டயர் கடை, பெட்டரி கடை, லொறி மெக்கானிக், விசேட வைத்தியர் வரும் சனலிங் நிலையம் எல்லாம் அவசரத்தில் தேவைப்படுபவை, அடிக்கடி போகாதவை. லுணுகலையிலிருந்து பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து, “டொக்டர் இன்றைக்கு வரமாட்டார்” என்ற பதிலோடு திரும்பும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். சரியான போன் இலக்கமொன்று அவருடைய ஒருநாள் சம்பளத்தைக் காப்பாற்றியிருக்கும். இந்தப் பயன் ஒன்றுக்காகவே பதுளை நகரத்துச் சனலிங் நிலையங்கள் எல்லாம் தங்கள் விபரத்தைச் சரியாகப் போட்டுவைக்க வேண்டும் என்பேன்.

இனி குறைகள். தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் பார்த்தே கடைகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. மலைநாட்டில் தூரமே ஏமாற்றும். வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு தோட்ட டிவிஷன்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு கிடக்கும். தெமோதரையில் ரயில்கூட மலையைச் சுற்றிவந்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்துதான் இறங்குகிறது.

பிரபலம் அதைவிடச் சிக்கலானது. மதிப்புரைகளின் எண்ணிக்கைக்கும் நட்சத்திரத்துக்கும் அதில் பங்குண்டு. சுற்றுலாப் பயணி எழுதுகிறார். வருடா வருடம் தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஒரே கடைக்குப் போய்த் துணி எடுக்கும் குடும்பம் எழுதுவதில்லை. எழுதவேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதுமில்லை. தலைமுறையாக நம்பிக்கை சம்பாதித்த கடைவீதிக் கடை வரைபடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத கடைபோலத் தெரிகிறது. எழுதப்படுவதையும் அப்படியே நம்பமுடியாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் விதிமீறிய மதிப்புரைகள் 17 கோடிக்கு மேலும், போலி வணிகப் பதிவுகள் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேலும் தடுத்ததாக அல்லது நீக்கியதாகக் கூகுளே அறிவித்தது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது தோட்டத்து நிலைதான். நமுனுகுலப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையொன்றில் தையல் மெஷின் போட்டுச் சாரி பிளவுஸ் தைக்கும் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். பதிவை உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: வீதி தெரியவேண்டும், பெயர்ப்பலகை தெரியவேண்டும், தொழில் செய்யும் கருவி தெரியவேண்டும், இடையில் வெட்டாமல் எடுக்கவேண்டும். அவரிடம் மெஷின் இருக்கிறது. வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லை. பலகை அடிக்கச் சுவர் உண்டு, அந்தச் சுவர் அவருடையதில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. அங்கே பிறந்து வளர்ந்தவருக்குக் கடிதம்கூடத் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வந்து பழக்கம்.

சுற்றுவழி உண்டு. தைத்ததை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவரானால் முகவரியை மறைத்துவிட்டு, போய்வரும் இடங்களை மட்டும் 20 வரை குறிப்பிடலாம். பசறை, ஹாலி-எல, தெமோதரை என்று போடலாம். வீதிப் பெயரே வேண்டாத பிளஸ் கோட் என்ற எழுத்தும் இலக்கமும் கலந்த குறியீட்டை எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆட்டோக்காரர் வந்துசேர்வார். இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

அந்த உழைப்பு தகும் என்பதற்கு எனக்கொரு காரணமுண்டு. பிரித்தானியர் காலத்தில் பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட சிலோன் டைரக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, உரிமையாளர், தோட்டத் துரையின் பெயர் எல்லாம் இருக்கும். கொழுந்து பறித்தவரின் பெயர் இருக்காது. தோட்டத்துப் பிள்ளை தன் பெயரையும் தன் தொழிலையும் யாருடைய அனுமதியும் கேட்காமல் உலகம் பார்க்கும் பட்டியலில் ஏற்றக்கூடிய காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஏற்றினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். கொமியூனிகேஷன் கடைத் தம்பி தன் ஜிமெயிலிலேயே பதிந்துகொடுப்பார்; பிறகு கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவார். அதற்குப் பின் போன் இலக்கத்தை மாற்றுவதுகூடப் பெரும்பாடாகிவிடும். கணக்கு எப்போதும் தொழில் செய்பவரின் பெயரிலும் அவருடைய போன் இலக்கத்திலும் இருக்கவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தில் மண்சரிந்து வீதிகள் அறுந்தன. அப்படியொரு நேரத்தில் மூடிக்கிடக்கும் கடை ‘திறந்திருக்கிறது’ என்று காட்டினால் அதை நம்பி வருபவர் ஆபத்தான பாதையில் ஏறிவிடுவார். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும்: கூகுளிலிருந்து பேசுகிறோம், காசு கட்டாவிட்டால் பதிவு போய்விடும் என்று அழைப்பவர் மோசடிக்காரர். இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். வாடிக்கையாளரிடம் ஒரு வரி தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பதற்கும் கூச்சப்படத் தேவையில்லை.

தோட்டத்து முகவரிப் பிரச்சினையைக் கூகுள் தீர்க்காது. தீர்க்கவேண்டியது பிரதேச சபை. தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. தோட்டக் குடும்பங்களுக்குக் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் புது வீடுகள் எழுந்த இடங்களிலும் பழைய லயங்களிலும் பாதைக்கொரு பெயர்ப்பலகையும் வீட்டுக்கொரு இலக்கமும் வைக்கச் சட்டம் இனித் தடையில்லை. பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைச் சபைகளின் உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் கேட்கவேண்டியது இந்தப் பலகைகளுக்கான பணத்தைத்தான்.